பவளத் தொட்டிக்கு எந்த லைட்? விடைபெறும் டியூப்... முந்தும் எல்.இ.டி!

சாதாரண மீன்தொட்டிக்கு லைட் என்பது அழகு சமாச்சாரம். ஆனா, உயிருள்ள பவளம் வளர்க்கிற 'ரீஃப் டேங்க்'கில் அதுதான் சாப்பாடு. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து, அதன் உணவில் பெரும்பகுதியைத் தருகின்றன. இதற்கு முக்கியமாகத் தேவைப்படுவது நீல ஒளி.

ஒரு காலத்தில் மெட்டல் ஹாலைடுதான் ராஜா. வெளிச்சமும் பலம், சூடும் அதிகம். தண்ணீரைக் குளிர்விக்க சில்லர் வைத்தால் கரன்ட் பில் எகிறும். டி5 டியூப் நிழல் விழாமல் சீராக ஒளி பரப்பும். ஆனா, அடிக்கடி மாத்தணும்.

இப்போ சிக்கல், டியூப்புக்குள் இருக்கிற பாதரசம். பொது வெளிச்சத்துக்கான டி5 டியூப்கள் புதிதாகச் சந்தைக்கு வருவதை, ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்ட்டில் நிறுத்தியது. அதே ஆண்டு ஜெனீவாவில் கூடிய மினமாட்டா மாநாடு, உலகம் முழுக்க இவற்றுக்கு 2027-ஐக் கெடுவாக வைத்தது. சந்தை சுருங்கினால், மீன்தொட்டிக்கான டியூப்களும் தப்புவது கஷ்டம்தான்.

மிச்சமிருப்பது எல்.இ.டி. கரன்ட் மிச்சம்; நிறத்தையும் அளவையும் நாமே மாத்தலாம். ஆனால் வெளிச்சம் நேர்கீழே குவியும், ஓரங்களில் நிழல் விழும். டியூப்பைக் கழற்றிய அன்றே முழு அளவில் போட்டால் பவளம் வெளிறிப்போகலாம். குறைவாகத் தொடங்கி, சில வாரங்களில் மெல்லக் கூட்டணும்.

நம்ம ஊரில் லைட் வாங்கும் முன் ஒரு விஷயம்: கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்து வந்து தொட்டியில் வைத்தாலும் குற்றம்தான்!