விரும்பித்தான் போனார்களாம்

"விரும்பித்தானே போனான்? கையெழுத்தும் வைச்சான். இப்ப அடிமை எண்டு அழுதா?" வெளிநாட்டுப் படகுகளில் வேலைக்குப் போனவர்களைப் பற்றி ஆலையடிவேம்பில் தேத்தண்ணிக் கடையொன்றில் ஒரு பெரியவர் கேட்டது இது.

ஐயா, 2024 பெப்ரவரி 6 அன்று குவைத் மீன்பிடிப் படகொன்று மும்பைக் கடலுக்கு வந்தது. அதில் கன்னியாகுமரி மீனவர் மூவர். சம்பளம் இல்லை, அடி உண்டு, கடவுச்சீட்டு முதலாளியிடம். அதனால் அவர் படகிலேயே தப்பி வந்தோம் என்றார்கள். பத்து நாள் கடல். கரையில் கிடைத்த வரவேற்பு? கடவுச்சீட்டு இல்லாமல் வந்ததாகக் கைது! விரும்பி இருந்தவனா இப்படி வருவான்?

போகும்போது வைத்த கையெழுத்து, திரும்பும் உரிமையை எழுதிக் கொடுத்ததாகாது. தண்டனைக்கு அஞ்சி, மனமில்லாமல் செய்யும் வேலையைக் கட்டாய வேலை என்று சர்வதேசத் தொழில் அமைப்பு 1930லேயே வரையறுத்துவிட்டது.

அவர்களுக்காவது கரை எட்டியது. சீனாவின் 'லோங் சிங் 629' மீன்பிடிக் கப்பலில் வேலைக்குப் போய் இறந்த இந்தோனேசியத் தொழிலாளர் மூவரின் உடல்களைக் கடலிலேயே போட்டார்கள்; 2020இல் காணொளி வந்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. இப்படிப்பட்ட கப்பல்கள் பிடித்த மீனை நடுக்கடலிலேயே வேறு கப்பலுக்கு மாற்றினால், மாதக்கணக்கில் துறைமுகம் பார்க்கத் தேவையில்லை. வேலை பிடிக்காவிட்டால் இறங்கி நிற்க அங்கே பஸ் தரிப்பிடமா இருக்கிறது?

உங்கள் மகனும் வளைகுடாவில்தானே, ஐயா? அவர் கடவுச்சீட்டு இப்போது யாரிடம் இருக்கிறது?