தோள்தானே என்று சொல்லாதீர்கள்

முழங்கால் தேய்ந்தால் நடக்க முடியாது, அதற்கு ஆபரேஷன் தேவைதான். தோள் தேய்ந்தால் என்ன, கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போயிற்று. வயதானவர்களின் தோள்வலியைப் பற்றி நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை இது. ஜவ்வாது மலை என்றால் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: மலை சனங்களுக்கு உடம்பு கெட்டி, தாங்கிக்கொள்வார்கள். இரண்டும் பொய். இரண்டாவது அநியாயமும்கூட.

தோள் சுமை தாங்கும் மூட்டு அல்ல என்பது நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குப் பொருந்தலாம். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி ஊர்களில் பிழைப்பே தோளை நம்பித்தான். விறகுக்கட்டைத் தலைக்கு ஏற்றவும், சாமையைப் புடைக்கவும், குடத்தை இறக்கவும் தோள் வேண்டும். சாலை எட்டாத குக்கிராமங்களில் நோயாளியை டோலி கட்டி இறக்குவதும் தோள்தான். 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்தின் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் அந்த உடலைப் பல கிலோமீட்டர் சுமந்து ஊர் சேர்த்தார். இப்படிப்பட்ட இடத்தில் ‘தோள்தானே’ என்று சொல்ல யாருக்கும் மனசு வரக்கூடாது.

வலிக்கும் தோளுக்கு வாய்வு, சுளுக்கு, வயசு என்று ஏதோ ஒரு காரணம் சொல்லப்படும். தைலம் தேய்ப்பார்கள். கேட்காவிட்டால் என்ன மருந்தென்று தெரியாத ஒரு ஊசி, கூடவே மாத்திரை. அந்த மாத்திரை ஸ்டீராய்டாக இருந்து, கேள்வி கேட்பாரின்றித் தொடர்ந்தால், எலும்புக்குப் போகும் ரத்தம் தடைபட்டு மேல்கை எலும்பின் உருண்டையே செத்துப்போகலாம். தோள்வலி என்பது ஒரே நோயும் அல்ல. சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் தோள் இறுக்கம் பெரும்பாலும் பயிற்சியிலேயே விலகும். அதற்கு அநேகமாகக் கத்தி வேண்டாம். முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் உண்டு. மருத்துவர் மேற்பார்வையில், வாரம் ஒரே நாள் என்ற கணக்கில், ஆரம்பத்திலேயே தொடங்கினால் மூட்டு அரிபடுவதைப் பெருமளவு தடுக்கலாம். காசநோய்கூடத் தோளில் குடியேறும். 1893இல் பாரிஸில் பேயான் என்ற மருத்துவர் பிளாட்டினமும் ரப்பரும் கொண்டு செய்யப்பட்ட செயற்கைத் தோளைப் பொருத்தியது அப்படியொரு நோயாளிக்குத்தான். சுமார் இரண்டு ஆண்டுகளில் அதைக் கழற்ற வேண்டியிருந்தது.

அதன்பின் இந்தச் சிகிச்சை வெகுதூரம் வந்துவிட்டது. 1950களில் நியூயார்க்கில் சார்லஸ் நீர், உடைந்த தோளுக்கு உலோக உருண்டை பொருத்தினார். பிறகு அதையே தேய்மானத்துக்கும் கொண்டுவந்தார். 1985 வாக்கில் பிரான்சின் பால் கிராமோன் அமைப்பையே தலைகீழாக்கினார்: உருண்டை தோள்பட்டை எலும்பில், கிண்ணம் மேல்கையில். உள்தசைநார்கள் கிழிந்துபோனவர்களும் தோளின் மேலுள்ள பெரிய தசையின் பலத்தில் கையைத் தூக்க இது வழிசெய்தது. இன்று பொருத்தப்படும் தோள்களில் பத்துக்கு ஒன்பது பத்தாண்டு தாண்டியும் உழைக்கின்றன.

ஆனால் காலம் கடந்தால் இந்த வழியும் குறுகும். தேய்ந்த உருண்டை உரசி உரசிக் கிண்ணத்து எலும்பைக் கரைத்துவிடும். பிறகு புதுக் கிண்ணத்தைப் பதிக்க ஆதாரமே இராது. ‘இன்னும் கொஞ்ச நாள் பொறு’ என்று வீட்டார் சொல்வது அன்பினால்தான். அந்தக் கொஞ்ச நாள் ஆண்டுக்கணக்காக நீளும்போது எலும்பு போய்விடுகிறது.

ஆபரேஷன் முடிந்தபின் பல வாரம் கைத்தொட்டில், மாதக்கணக்கில் பயிற்சி. கனமான சுமை அதற்குப்பின் எப்போதும் கூடாது. மறுபடி விறகு சுமக்க முடியாதென்றால் எதற்கு என்று கேட்பார்கள். ராத்திரி வலியில்லாமல் தூங்க. தலையைத் தானே வாரிக்கொள்ள. பிறர் உதவியில்லாமல் சேலை கட்ட. இவை வேண்டுமா வேண்டாமா என்பதை வலியைச் சுமக்கிற அம்மாதான் சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்கிற மகனோ மருமகளோ அல்ல.

தொழுநோயாளியின் மடங்கிப்போன விரல்கள் கெட்ட சதை, கத்தி பட்டால் ஆறாது என்று உலகம் நம்பிய காலம் உண்டு. 1940களின் இறுதியில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் அந்த விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்திக் காட்டினார். எங்கே? இதே மலையின் பக்கத்து ஊரான வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனையில். எண்பது ஆண்டு ஆகப்போகிறது. மலைமேல் தோள்வலிக்கு இன்னும் ‘விதி’ என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2021இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. பிசியோதெரபியும் அதில் உண்டு. வருகிறவர்கள் இன்னும் இரண்டு கேட்கட்டும்: கையைத் தலைக்குமேல் தூக்க முடிகிறதா, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடிகிறதா. முடியாதவர்களுக்கு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்யட்டும். தேவைப்பட்டால் திருவண்ணாமலை அல்லது அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தரட்டும். காப்பீட்டு அட்டையில் செயற்கைத் தோள் பொருத்தும் சிகிச்சை அடங்குமா என்ற கேள்வி அங்கே எழட்டும். எக்ஸ்ரே பார்க்காமல் ‘வயசாச்சு’ என்று ஒருவரையும் திருப்பி அனுப்பக் கூடாது.