போஸ்டர் பகிர முன்னர், வீட்டை ஒருக்கா கேட்போம்

 

மாதத்துக்கு ஒரு தடவையாவது நமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பிள்ளையின் படம் வருகிறது. இருதயத்தில் துவாரம், அவசர சத்திரசிகிச்சை, கீழே வங்கிக் கணக்கு இலக்கம். நாமும் இரக்கப்பட்டுப் பகிர்கிறோம், முடிந்ததைப் போடுகிறோம். நல்ல விடயம்தான். ஆனால் அதோடு நமது கடமை முடிந்துவிடுகிறதா?

முதலில் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்வோம். உலகளவில் பிறக்கும் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு இருதயக் கோளாறு இருக்கிறது. சில சிறு துவாரங்கள் தாமாகவே மூடிவிடும், சிலவற்றுக்குத்தான் சத்திரசிகிச்சை. அதுவும் அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். 1895இல் தொடங்கிய கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இன்றும் அதைச் செய்கிறது. காத்திருப்புப் பட்டியல் நீளம் என்பதால்தான் சிலர் தனியாருக்கு ஓடுகிறார்கள். அவசரமா, காத்திருக்கலாமா என்பதை வைத்தியர் சொல்லட்டும், குழுக்கள் சொல்ல வேண்டாம்.

சிகிச்சை இலவசம். ஆனால் பெற்றோருக்கு எதுவும் இலவசமில்லை. மடுல்சீமையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ பதுளைக்கு வந்து, இரவு பஸ் ஏறினால் விடியற்காலையில்தான் கொழும்பு. தாய் வாட்டில். தகப்பன் எங்கே படுப்பது? 2024 செப்டம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. அந்தக் கணக்கில் பார்த்தாலும், 20 நாள் பேர் விழாவிட்டால் 27,000 ரூபாய் போச்சு. லயத்தில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?

பாஷையும் ஒரு மலைதான். சிங்களம் தெரியாத தாய், சொன்னது விளங்காமல் தலையாட்டுகிறாள். அவளோடு கூடப் போக, போனிலாவது மொழிபெயர்க்க, நம்மில் ஒருவர் போதும். விளங்காமல் கையொப்பம் வைக்க வேண்டியதில்லை, தமிழில் விளக்கக் கேட்கலாம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

திகதி கிடைத்தும் தடிமன், காய்ச்சல் வந்தால் சத்திரசிகிச்சை தள்ளிப்போகும். சொத்தைப் பல் இருந்தால் அதன் கிருமி இருதயத்துக்குப் போகலாம் என்பதால் பல்லை முதலில் காட்டச் சொல்வார்கள். இதையெல்லாம் பதுளையிலேயே முன்கூட்டிப் பார்த்துவிட்டால் ஒரு வீண் பயணம் மிச்சம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் வேலை இருக்கிறது. ஓடும்போது உதடு நீலம் பாய்ந்து குந்திவிடும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாமல், பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வோம். சிகிச்சை முடிந்து வரும் பிள்ளைக்கு நெஞ்செலும்பு பொருந்த வாரக்கணக்கில் ஆகும். அதுவரை புத்தகப் பையை வேறொருவர் தூக்கட்டும். “ஹார்ட் பேஷன்ட்” என்று பட்டம் வைக்க வேண்டாம்.

அதனால்தான் அந்தப் படமும் நமக்கு உறுத்துகிறது. சட்டையில்லாமல், குழாய்களோடு ஊரெல்லாம் போன படத்தோடுதான் அந்தப் பிள்ளை நாளை வகுப்பில் உட்காரப் போகிறது. முகம் இல்லாமலும் உதவி கேட்கலாம்.

நமது யோசனை இதுதான். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் சபையும் சேர்ந்து ஊருக்கொரு சிறு பயண நிதி வைப்போம். பஸ் காசு, தங்க இடம், வீட்டுக்கு அரிசி, பருப்பு. யாருடைய பிள்ளை என்று பார்க்க வேண்டாம்.

“என்ன பாவம் செய்தாளோ” என்ற பேச்சையும் இன்றோடு விட்டுவிடுவோம். அந்தத் தாய் ஏற்கெனவே தூங்கி எத்தனையோ நாள்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு வீடு இருந்தால், இன்று மாலை ஒருக்கா எட்டிப் பாருங்கள்.