மெய்நிகர் கணினிகளுக்கும் பெரட்டு எடுக்கலாம்

தரவு மையம் என்ற சொல் நாளிதழில் வராத வாரமே இப்போது இல்லை. அமேசான் வெப் சர்வீசஸ் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் தன் கிளவுட் வட்டாரத்தைத் திறந்தது. 2038-க்குள் ஏறக்குறைய 6.2 பில்லியன் அமெரிக்க டாலர் முதலீடு செய்யப்போவதாகவும் அறிவித்தது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் வட்டாரத்தைத் திறந்தது. ஜொகூரில் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்புகின்றன. "அங்கே நமக்கு வேலை கிடைக்குமா?" என்று எங்கள் புலனக் குழுவில் மாதம் ஒரு முறையாவது யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

என் பதில் சிலருக்குப் பிடிப்பதில்லை. கட்டடத்துக்குள் வேலை குறைவு. குளிரூட்டி, மின்சாரம், பாதுகாப்பு, பழுதான வன்தட்டை மாற்றுவது என்று சிலர் இருந்தால் போதும். அந்தக் கட்டடத்துக்குள் ஓடும் ஆயிரக்கணக்கான மெய்நிகர் கணினிகளை உருவாக்குவது, எழுப்புவது, அணைப்பது, கணக்கெடுப்பது ஆகியவைதான் பெரிய வேலை. அதை ஈப்போவில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். ஆனால் கையால் செய்ய முடியாது. நிரல் எழுதித்தான் செய்ய வேண்டும். பேராக்கில் கணினித் துறையில் படிக்கும் மாணவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: இந்தத் திறனைத் தொழிற்பயிற்சிக் காலம்வரை தள்ளிப்போடாதீர்கள். இதைக் கற்க நம் வீட்டிலுள்ள மடிக்கணினியே போதும்.

படிவம் நான்கு, ஐந்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக ஒரு சிறு விளக்கம். தோட்டத்து லயத்தைப் பார்த்திருப்பீர்கள், அல்லது தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரே கூரை, ஒரே நீளமான கட்டடம். உள்ளே தடுப்புச் சுவர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு, தனிக் கதவு. ஒரு வீட்டில் அடுப்பு அணைந்தால் அடுத்த வீட்டுச் சோறு கெடாது. கூரை ஒழுகினால் மட்டும் எல்லோரும் நனைவார்கள். ஓர் உண்மையான கணினிக்குள் இப்படித் தடுத்து உருவாக்கப்படும் தனித்தனிக் கணினிகளே மெய்நிகர் கணினிகள். ஒன்றில் லினக்ஸ், இன்னொன்றில் விண்டோஸ் ஓடலாம். இது புதிய சங்கதியும் அல்ல. ஐபிஎம் நிறுவனம் 1972-லேயே விஎம்/370 என்ற பெயரில் இதைத் தன் பெரிய கணினிகளுக்காக வெளியிட்டது. நம் பெற்றோரில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கச் சுட்டியால் பத்துப் பதினைந்து முறை கிளிக் செய்தால் முடிந்தது. ஒன்றுக்கு நான்கு நிமிடம் என்று வையுங்கள். ஒரு வகுப்பில் 30 மாணவர்கள் என்றால் இரண்டு மணி நேரம். நேரத்தைக் கூட மன்னிக்கலாம். பதினேழாவது கணினியில் ஒரு கிளிக் தவறினால் அதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும் என்பதுதான் தலைவலி.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2012 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வணிக நிறுவனம் சந்தித்த விபத்து கணினி மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. புதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஊழியர் ஒருவர் ஏழில் ஏற்றிவிட்டு எட்டாவதை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்கும் ஏற்பாடும் இல்லை. சந்தை திறந்ததும் அந்த எட்டாவது சர்வரில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு தன் போக்கில் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிடங்களில் 440 மில்லியன் டாலருக்கு மேல் நட்டம். "எட்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவா?" என்று கேட்கும் பத்து வரி நிரல் ஒன்று இருந்திருந்தால் அந்தக் காலைப்பொழுது வேறு விதமாகப் போயிருக்கும்.

அந்தப் பத்து வரி என்ன செய்யும் என்பதைத் தோட்டத்துப் பெரட்டை வைத்துச் சொன்னால்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் புரிகிறது. என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். விடியும் முன்பே பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும் என்பார். கங்காணி பெயர் கூப்பிடுவார். கிராணி செக்ரோலில் குறித்துக்கொள்வார். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்கு ஒரு குறி. வராதவரின் நிரையை யாருக்குக் கொடுப்பது என்று அங்கேயே முடிவாகும். பட்டியல், ஒவ்வொரு பெயராக அழைப்பு, நிலையைக் குறித்தல், அதற்கேற்ற செயல். பைத்தானில் நாம் எழுதுவதும் இந்த நான்கைத்தான்.

விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதை இறக்கினால் விபாக்ஸ்மேனேஜ் என்ற கட்டளைக் கருவியும் கூடவே வரும். சாளரத்தில் கிளிக் செய்யும் ஏறக்குறைய எல்லா வேலைகளையும் அதில் கட்டளையாகச் சொல்லலாம். பைத்தானில் சப்புராசஸ் என்ற பகுதி ஏற்கெனவே இருக்கிறது. வெளிக் கட்டளைகளை ஓடவைத்து, அவை சொல்லும் பதிலை நிரலுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. இரண்டையும் சேர்த்தால் போதும். மாணவர் பெயர்கள் உள்ள ஒரு கோப்பை நிரல் படிக்கும். ஒவ்வொரு பெயருக்கும், நாம் தயாராக வைத்திருக்கும் மூலக் கணினியிலிருந்து ஒரு நகல் எடுக்கும். திரையில் சாளரம் திறக்காமல் பின்னணியில் அதை எழுப்பும். எழுந்ததா என்று பார்க்கும். வகுப்பு தொடங்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கும். மாணவர் எதையாவது உடைத்துவிட்டால் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் 30 கணினிகளை ஒரே நேரத்தில் ஓட்ட முடியாதுதான். ஆனால் வரைகலைத் திரை இல்லாத லினக்ஸ் கணினிகள் இரண்டு மூன்று தாராளமாக ஓடும். மூன்றுக்கு எழுதிய நிரலும் முந்நூறுக்கு எழுதிய நிரலும் பெரும்பாலும் ஒன்றுதான்; மாறுவது பட்டியலின் நீளம்.

நல்ல நிரலுக்கும் சும்மா ஓடும் நிரலுக்கும் வேறுபாடு இரண்டு இடங்களில் தெரியும் என்பது என் கருத்து. முதலாவது, அதே நிரலை இரண்டாவது முறை ஓடவிட்டால் என்ன ஆகும் என்பது. "உருவாக்கு" என்று மட்டும் எழுதியவரின் நிரல் இரண்டாம் முறை பிழை காட்டி நிற்கும், அல்லது அறுபது கணினிகளை உண்டாக்கி வைக்கும். "இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு" என்று எழுதியவர் பத்து முறை ஓட்டினாலும் முப்பதுதான் இருக்கும். இரண்டாவது, சொன்னதும் நடந்ததும் ஒன்று என்று நம்பாமல் இருப்பது. ஒரு மெய்நிகர் கணினியை முறையாக அணைக்கச் சொல்லும் கட்டளை உண்மையில் ஒரு வேண்டுகோள்தான். மின்விசைப் பொத்தானை மெல்ல அழுத்துவது போன்றது. உள்ளே இருக்கும் இயங்குதளம் அதைக் கேட்காமலும் போகலாம். ஆகவே கட்டளை கொடுத்த பிறகு சில விநாடி பொறுத்து, நிலையை மறுபடி கேட்க வேண்டும். இத்தனை முறை கேட்டும் அணையவில்லை என்றால் பெயரைக் குறித்து மனிதரிடம் சொல்ல வேண்டும்.

தானியக்கத்தில் வேகம் மட்டும் பெருகுவதில்லை; பிழையும் அதே வேகத்தில் பெருகும். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் பொறியாளர் ஒருவர் சில சர்வர்களை மட்டும் நீக்குவதற்காக ஒரு கட்டளை கொடுத்தார். அதில் ஓர் உள்ளீடு தவறாக விழுந்தது. நினைத்ததைவிட அதிகமான சர்வர்கள் நீங்கின. எண்ணற்ற இணையத்தளங்கள் சில மணி நேரம் முடங்கின. அதன்பின் நிறுவனம் அந்தக் கருவியைத் தூக்கி எறியவில்லை. சர்வர்களை மெதுவாக மட்டுமே நீக்கும்படியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாதபடியும் அதைத் திருத்தியது. நம் மடிக்கணினி நிரலிலும் இதைச் செய்யலாம். அழிக்கும் கட்டளைக்கு முன்னால், "ஐந்துக்கு மேல் அழியப்போகிறது என்றால் நில்" என்று ஒரு வரி. எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் திரையில் அச்சிடும் ஒத்திகை முறை ஒன்று. நேர்முகத் தேர்வில் இந்த இரண்டையும் காட்டும் மாணவரை நான் முதலாளியாக இருந்தால் உடனே எடுத்துக்கொள்வேன். (முதலாளியாக இன்னும் பிடிபிடிஎன் கடனைக் கட்டி முடிக்க வேண்டும்.)

காசுக் கணக்கையும் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஓர் ஆய்வுக்கூடம் திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 8 மணி நேரம் இயங்கினால் 40 மணி நேரம். மீதி 128 மணி நேரம் யாருமே தொடாத கணினிகள் கிளவுடில் ஓடிக்கொண்டிருந்தால், வாடகையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வீண். மாலையில் அணைத்துக் காலையில் எழுப்பும் சிறிய நிரல் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தும். ஒன்றைக் கவனியுங்கள்: அமேசானில் கணினியை நிறுத்தினாலும் அதன் வட்டுக்கான கட்டணம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எதை அணைப்பது, எதை அடியோடு நீக்குவது என்று முடிவு செய்யும் தலை நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும். அதே போல் கிளவுடின் ரகசியச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள். அப்படிப்பட்ட சாவிகளைத் தேடுவதற்கென்றே நிரல் எழுதி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

"நிரல் எல்லாவற்றையும் செய்தால் ஆளுக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்களுக்கு நான் பூசி மெழுகிப் பதில் சொல்ல மாட்டேன். கை குறையும். நம் குடும்பங்களுக்கு இது தெரியாததல்ல. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தபோது அதே நிலத்துக்குக் குறைவான ஆட்கள் போதும் என்றானது. தோட்டத்தை விட்டுப் புந்தோங்குக்கும் மற்றப் பட்டணங்களுக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நம்மில் பலர். அன்று பெரட்டில் நின்றவர்களின் கையில் செக்ரோல் இல்லை. நிலத்தை என்ன செய்வது என்று அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. இன்று அந்தப் பட்டியலை எழுதும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. இதைக் கற்றால் எல்லோருக்கும் வேலை உறுதி என்று என்னால் சொல்ல முடியாது. கற்காதவர் பட்டியலுக்குள் ஒரு பெயராக மட்டுமே இருப்பார் என்பதை உறுதியாகச் சொல்வேன்.

மொழியை நினைத்துத் தயங்க வேண்டாம். நான் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் வழி, இப்போது ஆங்கிலப் பாடநூல். பைத்தானுக்குத் தேவையான ஆங்கிலச் சொற்கள் சில டஜன்தான். நிரலின் ஓரத்தில் எழுதும் குறிப்புகளை நான் தமிழில்தான் எழுதுகிறேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியே பைத்தானைக் கொண்டு எழுதப்பட்டதுதான்.

கல்லூரி, பல்கலைக்கழக நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மெய்நிகராக்கம் பல பாடங்களில் விரிவுரைப் படங்களாகவே வந்து போகிறது. மாணவர் கையில் ஒரு சர்வர் வருவதில்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து ஒதுக்கப்பட்ட பழைய சர்வர் ஒன்றை, வளாக வலையமைப்பிலிருந்து பிரித்து, ஒரு பருவத்துக்கு மாணவர் சங்கத்திடம் விடட்டும். அதில் பிராக்ஸ்மாக்ஸ் போன்ற இலவச மென்பொருளை ஏற்றினால், தரவு மையத்தில் நடப்பதன் சிறிய வடிவம் கிடைத்துவிடும்; அதையும் பைத்தானால் இயக்கலாம். நிர்வாகத்தின் பயம் நியாயமானது: மின்சாரம் யார் கணக்கில், உடைந்தால் யார் பொறுப்பு? அதனால் வாயால் கேட்காமல் சங்கத்தின் பெயரில் எழுதிக் கேளுங்கள். எந்த இயந்திரம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மணிக்குத் தானாக அணையும், பொறுப்பான மாணவர் யார் என்ற நான்கும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். அணைக்கும் நிரலையும் அதனுடன் இணைத்து அனுப்புங்கள்.