'பெயர் பொருந்தவில்லை' என்று சொன்னது யார்?

போன மாதம் எங்கள் காலனிப் பெண் ஒருத்தி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கணினி மையத்துக்குப் போனாள். துணைக்கு அவள் அம்மாவும் நானும் போனோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை, அம்மா களையெடுக்கப் போகிறவர். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் கையில் இருந்தன. மையத்துப் பையன் விவரங்களை அடித்து முடித்தான். 'பெயர் பொருந்தவில்லை' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, மதிப்பெண் சான்றிதழில் முன்னால். அவ்வளவுதான் வித்தியாசம்.

"சிஸ்டம் ஏத்துக்கல, நாங்க என்ன பண்றது?" என்றான் பையன். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்த அந்தத் தாய், தன் மகள்தான் ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்பதுபோல் தலைகுனிந்து நின்றார்.

பெண் மட்டும் கலங்கவில்லை. வெளியே வந்ததும் சொன்னாள்: "பெரியப்பா, அது ஒண்ணும் சாமி வாக்கு இல்ல. ரெண்டு இடத்துல இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பாரு, இல்லன்னா தள்ளிடுன்னு யாரோ ஒரு வரி எழுதி வெச்சிருக்காங்க. இனிஷியலையும் புள்ளியையும் ஒதுக்கிட்டுப் பாருன்னு இன்னும் ரெண்டு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும்."

பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்தவள் அவள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் இருக்கின்றன. தமிழ் வழிப் புத்தகத்திலேயே இருக்கின்றன. எழுத்துக்கோவையை ஒப்பிடுவது, அதில் ஓர் எழுத்தை மாற்றுவது எப்படி என்று தனிப்பாடமே உண்டு. அரசுப் பள்ளிப் புத்தகத்தில் படித்ததை வைத்துத்தான் அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது.

எழுதியவன் முகம் தெரியாத விதிகள் நம் மக்களுக்குப் புதிதல்ல. குளத்தில் இறங்காதே, இந்தத் தெருவில் செருப்பு போடாதே என்றபோது 'சாஸ்திரம்' என்றார்கள், 'வழக்கம்' என்றார்கள். இப்போது 'சிஸ்டம்' என்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இனிஷியல் விதியை எழுதியவருக்கு நம்மீது பகை ஒன்றும் இருந்திருக்காது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்குப் போகும் வீட்டில் ஒரே பிள்ளையின் பெயர் நாலு காகிதத்தில் நாலு விதமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நம் வீட்டுப் பிள்ளை அந்த நாற்காலியில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி முதல், தனிநபர் பயனாளிப் பணிகள் தவிர மற்ற வேலைத்தளங்களில் கைப்பேசிச் செயலி வழியாக, நாளுக்கு இருமுறை படத்துடன் வருகைப் பதிவு கட்டாயமானது. ஏரிக்கரையில் சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால், வெயிலில் மண் சுமந்தவளின் கூலிதான் தொங்கலில் நின்றது. சிக்னல் வந்ததும் அனுப்பு, அதுவரை பத்திரமாக வைத்திரு என்று செயலி எழுதுவது முடியாத காரியமல்ல. எப்போது, எப்படி வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நிரல் எழுதுவது என்றதும் சென்னை, பெங்களூர், கண்ணாடிக் கட்டடம், லட்சத்தில் சம்பளம் என்றுதான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். சம்பளம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அதற்கும் முன்னால் வருவது, நம்மை ஆளும் விதியைப் படிக்கவும் திருத்தவும் தெரிந்துகொள்வது.

அச்சு வந்தபோது நம் முன்னோர் யாராவது வந்து தங்களுக்காக எழுதுவார்கள் என்று காத்திருக்கவில்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். பத்திரிகை படிப்பவர்களே குறைவாக இருந்த காலம் அது. அண்ணல் அம்பேத்கர் 1942-இல் வைஸ்ராய்க்குக் கொடுத்த மனுவில், பட்டியல் சாதி மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க அரசு உதவித்தொகை தர வேண்டும் என்று தனியே கேட்டார். தானே சட்டம் படித்தவர், கலைப்படிப்பும் சட்டப்படிப்பும் மட்டும் போதாது என்று வாதிட்டார். தொழிற்கல்விக்குச் செலவு அதிகம், அதனாலேயே அது நம்மவர்களுக்கு எட்டாமல் நிற்கிறது என்பது அவர் கணக்கு. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான மத்திய அரசு உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. இனிஷியலால் தள்ளப்பட்ட விண்ணப்பமும் அந்த வழியில் வந்ததுதான்.

கணினிக்குச் சாதி தெரியாது என்று சிலர் சொல்வார்கள். கணினிக்குத் தெரியாது, பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரியும். அமெரிக்காவில் சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதிப் பாகுபாட்டுக்கு உள்ளானார் என்று குற்றம்சாட்டி, 2020-இல் கலிபோர்னியா மாநில அரசுத் துறையே வழக்குத் தொடுத்தது. 2023-இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. நம் நாட்டில் மென்பொருள் வேலைகள் பெரும்பாலும் தனியாரிடம் இருக்கின்றன, அங்கே இடஒதுக்கீடு இல்லை. அதற்கான போராட்டம் நடக்கட்டும். அது முடியும் வரை பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

'இப்போது செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே, நாங்கள் எதற்குப் படிக்க வேண்டும்?' என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பத்திரம் எழுத ஆள் இருக்கிறார் என்பதற்காக, எழுதியதைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்துப் பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்த கதை நம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பிளஸ் ஒன் சேர்க்கையில் 'உன் மார்க்குக்கு இந்தப் பிரிவுதான்' என்று தள்ளிவிடுவார்கள். 'சரிங்க சார்' என்று கும்பிட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கணினி அறிவியலோ கணினிப் பயன்பாடோ உள்ள பிரிவு எது, எத்தனை இடம், இடஒதுக்கீட்டுப்படி நிரப்பினார்களா என்று கேளுங்கள். ஆய்வகம் எப்போது திறந்திருக்கும் என்றும் கேளுங்கள். நான் போன ஒரு பள்ளியில் கணினிகள்மேல் போட்ட துணியில் தூசி ஒரு விரல் உயரம்.

பிரிவு கிடைக்காதவர்களுக்கும் வழி உண்டு. மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' பாடங்கள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் பார்க்கலாம். சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டத்துக்கு ஜேஇஇ எழுத வேண்டியதில்லை. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம், நம் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பாடம் ஆங்கிலத்தில்தான், அது ஒரு சுமைதான். தாட்கோவும் திறன் பயிற்சிகள் நடத்துகிறது. எந்தப் பயிற்சி எப்போது என்று மாவட்ட அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்பதே நல்லது.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஆதிதிராவிடர் நலத்துறையின் ஒவ்வொரு விடுதியிலும் இணைய வசதியோடு நாலைந்து கணினிகள், மாலையில் இரண்டு மணி நேரம் பூட்டில்லாமல். கட்டில், தட்டு, பாய்க்கு மனு கொடுப்பதுபோல இதற்கும் மாணவர்களே கையெழுத்துப் போட்டு ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம்.

அந்தப் பெண் இப்போது ஞாயிறு மாலைகளில் எங்கள் சமுதாயக் கூடத்தில் ஏழு பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லித் தருகிறாள். இருப்பது ஒரே மடிக்கணினி. அவள் அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. பேட்டரி போய்விட்டதால் கரண்டு நின்றால் வகுப்பும் நின்றுவிடும். பழையதானாலும் ஓடக்கூடிய கணினி உங்கள் வீட்டில் சும்மா கிடந்தால் பக்கத்துக் காலனிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுங்கள். அவளுடைய ஆதார் திருத்தம் இன்னும் வரவில்லை.