ஏழு இருக்கை வாகனம்: கடைசி வரிசையில் உட்காரப் போவது யார்?

சிம்பாங் ரெங்கம் – குளுவாங் மாவட்டத்தின் இந்தச் சிறு நகரிலிருந்து வடக்கு – தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் ஜொகூர் பாருவுக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர். பத்துமலைக்கு 250 கிலோமீட்டருக்கும் மேல். அன்னாசியும் செம்பனையும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, பெற்றோர் ஊரிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல. தைப்பூசம், திருமணம், துக்க வீடு எதுவானாலும் பாட்டி முதல் பேரக்குழந்தை வரை ஒரே வண்டியில் புறப்பட வேண்டும் என்ற எண்ணம்தான் அவர்களை ஏழு இருக்கை வாகனத்தின் பக்கம் இழுக்கிறது.

ஆனால் ஏழு என்பது எண்ணிக்கை மட்டுமே. கடைசி வரிசையில் யார் உட்கார முடியும், எத்தனை மணி நேரம் உட்கார முடியும் என்பதை விற்பனைக் கையேடுகள் சொல்வதில்லை. வண்டியை ஓட்டிப் பார்ப்பவர் மகன். பக்கத்தில் அமர்ந்து பார்ப்பவர் மருமகள். மூன்றாம் வரிசையில் பயணம் செய்யப் போகிறவர் பல வேளைகளில் விற்பனை நிலையத்துக்கே வருவதில்லை.

அளவுகளைச் சற்றுப் பார்ப்போம். 2009 ஏப்ரலில் அறிமுகமான புரோட்டோன் எக்ஸோராவின் நீளம் 4,592 மில்லிமீட்டர். 2022 ஜூலையில் வந்த இரண்டாம் தலைமுறை பெரோடுவா அல்சாவின் நீளம் 4,425. வெளியிலிருந்து பார்த்தால் எக்ஸோராதான் பெரிது. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் எக்ஸோராவில் 2,730 மில்லிமீட்டர், அல்சாவில் 2,750. கால் நீட்டக் கிடைக்கும் இடம் பெருமளவு இந்தத் தூரத்தைப் பொறுத்தது என்பதால், வண்டியின் நீளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது தவறு. அகலத்தில் கதை மாறுகிறது. எக்ஸோரா 1,809 மில்லிமீட்டர், அல்சா 1,730. கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர் வித்தியாசம். நடு வரிசையில் மூன்று பெரியவர்கள் தோளோடு தோள் உரசி இரண்டு மணி நேரம் போகும்போதுதான் அந்த 8 சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

கால் இடத்தைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. அது தரைக்கும் இருக்கைக்கும் உள்ள உயரம். பின் சக்கரங்கள் இழுக்கும் வண்டிகளில் இயந்திரத்தின் விசையைக் கடத்தும் தண்டும் அச்சும் அடியில் ஓடுவதால், கடைசி வரிசையில் தரை மேலேறி நிற்கும். 2019 ஜனவரியில் வந்த பெரோடுவா அரூஸ் அந்த வகை. தரை உயர்ந்து இருக்கை தாழ்ந்தால் முழங்கால் மேலே எழும்பும், தொடைக்குத் தாங்கல் இருக்காது, உடல் எடை முழுவதும் இடுப்பில் இறங்கும். பத்து வயதுப் பையனுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மூட்டு வலியுள்ள எழுபது வயதுக்காரருக்கு மச்சாப் ஓய்விடம் தாண்டுவதற்குள் போதும் என்றாகிவிடும். அல்சா முன் சக்கர இழுவை கொண்டது என்பதால் இந்தச் சிக்கல் குறைவு.

அதற்காக அரூஸை ஒதுக்கிவிடவும் முடியாது. அதன் அடிப்பாகம் தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது; அல்சாவுக்கு 160. மழைக்காலத்தில் தோட்டத்து மண்பாதையில் வீடு வரை போக வேண்டியவருக்கு அந்த 6 சென்டிமீட்டர் பெரிய உதவி. சேலை கட்டிய பாட்டி ஏறி இறங்கும்போது அதே 6 சென்டிமீட்டர் தொல்லை.

இனி, குழந்தைகள். பின்னிருக்கையில் இருப்பவர்களும் வார் அணிய வேண்டும் என்பது 2009 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டம். குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு "ஏழு பேர், எட்டுப் பேர்" என்று அனுசரித்துப் போன காலத்துக் கணக்கு இனி எடுபடாது. குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இவ்வகை வண்டிகளில் பொதுவாக நடு வரிசையின் இரு ஓரங்களில்தான் இருக்கும். மூன்றாம் வரிசைக்குப் போகும் வழியும் அதே ஓர இருக்கையை மடக்கினால்தான் திறக்கும். இரண்டு குழந்தை இருக்கைகளைப் பூட்டிவிட்டால் இரு பக்கமும் வழி அடைபடுகிறது. கடைசி வரிசைக்குப் போக வேண்டியவர் பின்கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். இரண்டு சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஏழு இருக்கை வண்டி நடைமுறையில் ஐந்து இருக்கை வண்டியாகிவிடுவது இப்படித்தான்.

இதற்கு ஒரு தீர்வு, நடுவில் நடந்து போக இடைவெளி விட்ட தனித்தனி இருக்கைகள். 2023 மே மாதம் வந்த புரோட்டோன் எக்ஸ்90-இன் உயர்ந்த ரகத்தில் அந்த வசதி உண்டு. ஆனால் அதில் ஆறு பேர்தான் உட்காரலாம். விலையும் எட்டாத உயரம். அறிமுகத்தின்போது அந்த ரகம் 152,800 ரிங்கிட், அடிப்படை ரகமே 123,800 ரிங்கிட். அல்சா 62,500 ரிங்கிட்டில் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச சம்பளத்தோடு ஒப்பிட்டால், அல்சா ஏறக்குறைய 37 மாதச் சம்பளம், எக்ஸ்90 73 மாதச் சம்பளம். ஒன்பது ஆண்டுத் தவணையில் வட்டியும் சேரும்.

பயணப்பைகளைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை. அல்சாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது பின்னால் மிஞ்சுவது 137 லிட்டர் இடம். சிறிய இழுபெட்டிகள் மூன்று வைத்தால் நிறைந்துவிடும். கடைசி வரிசையை மடக்கினால் அது 498 லிட்டராகிறது. அதாவது ஏழு பேர் போகலாம், அல்லது சாமான்களோடு ஐந்து பேர் போகலாம். பால்குடம், பாய், சமையல் பாத்திரம் என்று தைப்பூசத்துக்குக் கிளம்புகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கனவே இரண்டு சிறிய கார்கள் இருந்தால், ஆண்டுக்கு நான்கைந்து பயணங்களுக்காகப் புதிய கடன் தேவைதானா என்ற கேள்வியும் எழுகிறது. 2025 செப்டம்பர் 30 முதல் பொதுமக்களுக்குக் கிடைக்கும் புடி95 சலுகை, வண்டிக்கு அல்ல, ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் ஆளுக்கு. தொடங்கியபோது ஒருவருக்கு மாதம் 300 லிட்டர், லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். இரண்டு கார், இரண்டு ஓட்டுநர் என்றால் சலுகையும் இரண்டு. டோல் இரட்டிப்பாகும், ஆனால் மாதத் தவணைக்கு முன் அது சிறிய தொகை. இரவில் இரண்டு பேர் களைப்பில்லாமல் ஓட்ட வேண்டுமே என்பதுதான் இதில் உள்ள உண்மையான சிக்கல்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், விற்பனை நிலையத்துக்குப் பாட்டியையும் குழந்தை இருக்கையையும் கொண்டு போவது நல்லது. நகரக்கூடிய நடு வரிசையை முன்னே தள்ளி வைத்துவிட்டு "பாருங்கள், எவ்வளவு இடம்" என்று காட்டுவது எளிது. முதலில் ஓட்டுநர் இருக்கையை ஓட்டப் போகிறவருக்கு ஏற்ப வைத்து, அவருக்குப் பின்னால் ஒரு பெரியவரை உட்கார வைத்து, அதன் பிறகே மூன்றாம் வரிசையில் பாட்டியை அமர்த்திப் பார்க்க வேண்டும். முழங்கால் இடிக்கிறதா, தலை கூரையில் படுகிறதா, கதவை மூடியபின் குளிர்காற்று அங்கே வருகிறதா என்று பத்து நிமிடம் உட்கார்ந்தாலே தெரிந்துவிடும்.

எக்ஸோராவின் உற்பத்தி 2023-இல் முடிவுக்கு வந்தாலும் பழைய வண்டிச் சந்தையில் அதற்கு இன்னும் கிராக்கி இருக்கிறது. அகலமும், பின்வரிசைகளுக்குக் கூரையிலிருந்து வரும் குளிர்காற்றும் அதற்குக் காரணம். அதைப் பழையதாக வாங்குகிறவர்கள் முன்னால் மட்டும் சோதிக்காமல் பின்பக்கக் குளிர்சாதனம், மூன்றாம் வரிசையின் இரண்டு வார்கள், இருக்கை மடங்கும் பூட்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. பல ஆண்டுகள் யாரும் உட்காராத வரிசையில் பழுது இருப்பது முதல் நீண்ட பயணத்தின்போதுதான் தெரியவரும்.