கேமரா முன்னால் ஓடுபவரைக் காட்டும்... பின்னால் விழுபவரை? மாரத்தான் லைவ் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

2016 ஆகஸ்ட் 14, ஞாயிற்றுக்கிழமை. ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் தொடங்கியபோது அங்கே காலை 9.30, இந்தியாவில் மாலை 6 மணி. டிவி முன்னால் உட்கார இதைவிட வசதியான நேரம் கிடையாது. இந்தியா சார்பில் ஓ.பி.ஜெய்ஷா, கவிதா ராவுத் இருவரும் ஓடினார்கள். 2 மணி 47 நிமிடம் 19 விநாடிகளில் 89-வதாக வந்த ஜெய்ஷா, ஃபினிஷ் லைனைத் தாண்டியதும் சரிந்து விழுந்தார். தங்கம் வென்ற கென்யாவின் ஜெமிமா சும்காங் ஓடி முடித்து அப்போது 23 நிமிடங்கள் ஆகியிருந்தன.

ஜெய்ஷா ஒன்றும் புதியவர் இல்லை. முந்தைய ஆண்டு பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப்பில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடிகளில் ஓடி தேசிய சாதனை படைத்தவர். அப்படிப்பட்டவருக்கே ரியோவில் ஏறக்குறைய 13 நிமிடம் கூடுதலாகத் தேவைப்பட்டது.

நாடு திரும்பியதும் அவர் சொன்னது பெரிய சர்ச்சையானது. வழியில் மற்ற நாட்டு வீரர்களுக்கு அவரவர் ஆட்கள் பானங்கள் கொடுத்தார்கள், இந்தியாவுக்கான மேசைகளில் யாருமே இல்லை என்றார். இந்தியத் தடகளச் சம்மேளனம் இதை மறுத்தது. தனிப்பட்ட பானம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டோம், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பது அதன் பதில். கவிதா ராவுத் தனக்குப் புகார் எதுவும் இல்லை என்றார். விளையாட்டு அமைச்சகம் இரண்டு பேர் கொண்ட குழுவை அமைத்தது.

யார் சொன்னது சரி என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு வீராங்கனை வெயிலில் 42.195 கிலோமீட்டர் ஓடுகிறார். அவருக்குத் தேவையான பாட்டில் மேசையில் இருந்ததா இல்லையா என்பது லைவ் பார்த்தவர்களில் யாருக்காவது தெரிந்ததா? தெரிய வாய்ப்பே இல்லை. ஏன்னா, கேமரா அங்கே இல்லை.

கேமரா எங்கே போகும்?

சைக்கிள் ரேஸோ, மாரத்தானோ, நேரலையின் இலக்கணம் ஒன்றுதான். முன்னால் இருக்கும் குழுவுடன் பைக்கும் ஹெலிகாப்டரும் போகும். ஆனால், ஆபத்து பெரும்பாலும் நடுவிலும் பின்னாலும்தான் இருக்கும்.

இதற்கு மிகக் கொடுமையான உதாரணம் 2024 செப்டம்பரில் சூரிச்சில் நடந்தது. உலக சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் ஜூனியர் பெண்கள் பிரிவில் ஸ்விட்சர்லாந்தின் 18 வயது மூரியல் ஃபுரர், மழையில் நனைந்த காட்டுப் பாதையில் விழுந்தார். நீண்ட நேரம் யார் கண்ணிலும் படவில்லை. மறுநாள் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு ருவாண்டாவின் கிகாலியில் நடந்த சாம்பியன்ஷிப்பில் எல்லா வீரர்களுக்கும் ஜிபிஎஸ் கண்காணிப்பு வந்தது. நாம் ஆர்டர் செய்த பிரியாணி எந்த சிக்னலில் நிற்கிறது என்பதை ஆப்பில் பார்க்கிற காலத்தில், ஒரு வீராங்கனை எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அவர் இறந்த பிறகுதான் வந்தது.

விழுந்து எழுவது வீரமா?

கேமரா தற்செயலாகப் பிடித்துவிட்டால் கதை வேற மாதிரி ஆகிவிடும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்விட்சர்லாந்தின் கேப்ரியலா ஆண்டர்சன்-ஷீஸ், உடல் ஒருபக்கமாகக் கோணிக்கொள்ள, தள்ளாடித் தள்ளாடி ஸ்டேடியத்தைச் சுற்றி வந்தார். கடைசிச் சுற்றுக்கு மட்டும் 5 நிமிடத்துக்கு மேல் ஆனது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இன்றைக்கும் ‘மனஉறுதி’ என்ற தலைப்பில் அந்த வீடியோ ஷேர் ஆகிறது.

உண்மையில் அது உடல்சூடு எல்லை மீறிய ஒருவரின் மருத்துவ அவசரநிலை. யாராவது தொட்டு உதவினால் தகுதி நீக்கம் என்பதால் அவர் டாக்டர்களை விலக்கிக்கொண்டே போனார். அவருக்கு வியர்ப்பதைப் பார்த்துத்தான் டாக்டர்கள் தொடர விட்டார்கள். மருத்துவர் தொட்டுப் பரிசோதித்தாலே வீரரைத் தகுதி நீக்கம் செய்யக் கூடாது என்ற விதி அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் வந்தது.

உடலுக்குள் என்னதான் நடக்கிறது?

ஓடும்போது தசைகள் ஏராளமான வெப்பத்தை உருவாக்கும். அதை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் முக்கிய வழி, வியர்வை ஆவியாவது. காற்றில் ஈரப்பதம் அதிகமானால் வியர்வை சொட்டும், ஆனால் ஆவியாகாது. உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அது ஹீட் ஸ்ட்ரோக். அப்போது முதல் வேலை, இருக்கும் இடத்திலேயே ஐஸ் தண்ணீரில் உடலைக் குளிரவைப்பது. ஆம்புலன்ஸில் ஏற்றுவது அடுத்த வேலைதான்.

தண்ணீர் குறைந்தாலும் பிரச்னை, கூடினாலும் பிரச்னை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வில், 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்ததுதான் முக்கியக் காரணம்.

மூன்றாவது, இதயம். அமெரிக்காவில் 2010 முதல் 2023 வரை மாரத்தான், அரை மாரத்தான் முடித்த 2.9 கோடிக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வு 2025-ல் வெளியானது. அதில் 176 பேருக்கு இதயத் துடிப்பு நின்றது. 59 பேர் இறந்தார்கள். 2000-2010 காலகட்டத்தில் இப்படிச் சரிந்தவர்களில் 10-க்கு 7 பேர் இறந்தார்கள். இப்போது 3 பேர். ஓடுபவர்களின் இதயம் திடீரென்று பலமாகிவிடவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் உடனே சிபிஆர் கொடுப்பதும், ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவி வழியெங்கும் இருப்பதும்தான் வித்தியாசம்.

அப்போ பார்க்கவே கூடாதா?

தாராளமாகப் பார்க்கலாம். பார்வையாளர்களுக்கு நாம் நினைப்பதைவிட அதிக பவர் இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீச்சல் இறுதிப் போட்டிகள் காலையில் நடந்தன. அமெரிக்காவில் அது பிரைம் டைம் என்பதே காரணம். டிவிக்காக நேரத்தை மாற்ற முடியும் என்றால், வீரர்களுக்காகவும் முடியும்தானே?

முடிந்தது. 2019 தோஹா உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தான் நள்ளிரவு 11.59-க்குத் தொடங்கியும், வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவிகிதத்துக்கு மேல். ஓடிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. ஸ்ட்ரெச்சரிலும் சக்கர நாற்காலியிலும் வீராங்கனைகள் கொண்டுபோகப்படுவதை உலகமே பார்த்தது. அடுத்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தான் சப்போரோ நகரத்துக்கு மாற்றப்பட்டது. அங்கேயும் வெயில் விடவில்லை. பெண்கள் மாரத்தானை முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். சங்கடமான காட்சிகளும் கேமராவில் பதிவானதால் கிடைத்த பலன் இது.

ஆவடி, அம்பத்தூருக்கு இதில் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. ஆவடி பருத்திப்பட்டு ஏரி நடைபாதையில் காலையில் வாட்ச் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். அம்பத்தூர் எஸ்டேட், பூந்தமல்லி பக்கம் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை 10கே, 21கே ஓடுகிறவர்களும் உண்டு. ஒலிம்பிக் வீரருக்கு கோச், டாக்டர், ஐஸ் தொட்டி எல்லாம் இருக்கும். இவர்களுக்கு டிவியிலும் ரீல்ஸிலும் பார்த்த ‘நிறுத்தாதே’ என்ற பாடம் மட்டும்தான் இருக்கும்.

2023 ஜூலை 23 அன்று மதுரையில் ரத்த தான விழிப்புணர்வு மாரத்தானில் ஓடிய 20 வயது பொறியியல் மாணவர், முடித்த பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு வலிப்பு வந்தது. அரசு ராஜாஜி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டும் காப்பாற்ற முடியவில்லை. ஃபினிஷ் லைனைத் தாண்டிவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைப்பது தப்பு.

சென்னையின் மேற்குப் பக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மெரினாவைத் தொடும் கடல்காற்று ஆவடி, பூந்தமல்லிக்கு வந்துசேர நேரமாகும். வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் ‘வெட் பல்ப் குளோப்’ அளவு 28 டிகிரியைத் தாண்டினால், பொதுமக்களுக்கான நெடுந்தூர ஓட்டத்தை ரத்து செய்வது நல்லது என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல். சென்னையில் மே மாத அதிகாலையே இதை நெருங்கிவிடும்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

* ஏஇடி கருவி எத்தனை இடங்களில் இருக்கும்? கடைசி சில கிலோமீட்டரில் இருக்கிறதா? மாரடைப்புகள் பெரும்பாலும் ஓட்டத்தின் கடைசிக் கால் பகுதியில்தான் வருகின்றன.
* ஐஸ், தொட்டி, டாக்டர் ஃபினிஷ் லைனில் இருப்பார்களா?
* வெப்பம் அதிகமானால் தூரத்தைக் குறைப்பார்களா, ரத்து செய்வார்களா?
* கடைசியாக வருபவர் வரும்வரை தண்ணீர் மேசையில் ஆள் இருப்பாரா?

ஓடுபவர்களுக்கு: காய்ச்சல் வந்து சில நாள்தான் ஆகிறதென்றால் ஓட வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், திடீரென்று வியர்வை நிற்பது, வெயிலில் குளிர் எடுப்பது என்று எது வந்தாலும் நிறுத்திவிடுங்கள். வீட்டில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால், ஷூ வாங்கும் முன்பு இதய டாக்டரைப் பாருங்கள். தாகத்துக்குத் தகுந்த மாதிரி குடியுங்கள். முடித்ததும் உடனே பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பாதீர்கள்.

பார்ப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: அடுத்த முறை யாராவது தள்ளாடும் கிளிப் வாட்ஸ்அப்பில் வந்தால், ‘செம வில்பவர்’ என்று ஃபார்வர்டு செய்யும் முன்பு, பக்கத்தில் டாக்டர் இருக்கிறாரா என்று பாருங்கள்.